சிலமலைக்குப் போன ஆத்தா

பொன்னுமணி விழித்தபோது வெயில் அடுப்படி வரைக்கும் வந்திருந்தது. பதறி எழுந்து, "அத்தே, எங்க இருக்கீக?" என்று கேட்டுக்கொண்டே நடுவீட்டுக்கு ஓடினாள். காலிக் கட்டிலைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அத்தை இங்கே இல்லை. சிலமலையில் மகள் வீட்டில் இருக்கிறாள்.

போன வாரம் நடந்ததைப் போடியில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். புருஷன் செத்த பிறகு குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தை ஒற்றை ஆளாக நின்று நடத்தியவள் அத்தை சுந்தரம்மாள். அவள் மாராப்பு விலகியது தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் மூணாறு பஸ்ஸை மறித்துக்கொண்டு நின்றாள். "ஆளுக எல்லாம் இறங்குங்க. கிழக்குப் பக்கம் இன்னும் காய் எடுக்கலை" என்று பஸ்ஸில் இருந்தவர்களை அதட்டினாள். சிலர் சிரித்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மகன் திருப்பதிதான், பொன்னுமணியின் புருஷன், போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தான். வந்தவன் அன்று சாப்பிடவில்லை.

மறுநாளே அவனுடைய அக்கா ஒச்சம்மாள் வந்துவிட்டாள்.

"ஒரு பத்து நாளைக்கு நான் வச்சுக்கிறேன். நீயும் மனுஷிதானே பொன்னு. கண்ணைப் பாரு, குழி விழுந்து கெடக்கு."

அந்த ஒரு வார்த்தைக்குப் பொன்னுமணி அழுதே விட்டாள். அத்தைக்கு நினைவு தப்பத் தொடங்கிய இந்த இரண்டு வருஷத்தில் அவளைப் பார்த்து அப்படி யாரும் சொன்னதில்லை. அத்தைக்குச் சேலைகளை மடித்துக் கொடுத்து, இருவரையும் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். திருப்பதியும், "காய் எடுப்பு நடக்குது, ரெண்டு மூணு நாளு மலையில தங்குவேன்" என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அன்றிலிருந்து அவள் தூங்கினாள். பகலில் தூங்கினாள். சோறு சூடாக இருக்கும்போதே சாப்பிட்டாள். தலைக்குக் குளித்து, முடி காயும்வரை கொல்லையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கதவைப் பூட்டினோமா, அத்தை வெளியே போய்விட்டாளா, அடுப்புப் பக்கம் போய்விட்டாளா என்று காது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

கட்டிலை உதறிப் போடலாம் என்று பாயைத் தூக்கியபோதுதான் அடியில் அந்தப் பழுப்புக் கம்பளியைப் பார்த்தாள்.

"அடியாத்தீ, இதைக் குடுத்துவிட மறந்துட்டேனே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மலைக் குளிருக்கு வாங்கிய கம்பளி. எந்தக் கோடையிலும் அது தோளில் இல்லாமல் சுந்தரம்மாள் படுக்கமாட்டாள்.

பக்கத்து வீட்டுத் தேவகிருபை கொல்லைச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். கடைவீதியில் மல்லி, வத்தல் வியாபாரம் செய்கிற குடும்பம். இங்கே வந்து இருபது வருஷம் ஆகியும் பேச்சில் நாசரேத்துப் பக்கத்து வாடை போகவில்லை.

"அம்மா எப்படி இருக்காவளாம் பொன்னு?"

"ஒரு தகவலும் இல்லக்கா. மதினி பாத்துக்கிரும்."

"ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாயேன். அவிய உன் கையால உருண்டை புடிச்சுக் குடுத்தாத்தான திங்காவ. மத்தவங்க தட்டுல போட்டு வச்சா தொடவே மாட்டாவ."

அது உண்மை. பொன்னுமணியே தட்டுத் தடுமாறித்தான் அதைக் கண்டுபிடித்தாள். தட்டை முன்னால் வைத்தால் சுந்தரம்மாளுக்கு அது என்னவென்று தெரியாது. உருண்டை பிடித்து உள்ளங்கையில் வைத்து, "ஆளுக எல்லாம் சாப்பிட்டாச்சு, நீங்களும் சாப்பிடுங்க" என்றால் சாப்பிடுவாள். சாயங்காலமானால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போக நிற்பாள். போகாதீர்கள் என்றால் சண்டை வரும். கையைப் பிடித்துக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "மலை இறங்கியாச்சு அத்தே, இந்தா வீடு" என்றால் நிம்மதியாக உள்ளே வந்துவிடுவாள்.

இதையெல்லாம் மதினியிடம் சொல்லி அனுப்பவில்லையே என்று அப்போதுதான் பொன்னுமணிக்கு உறைத்தது. கம்பளியை மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

தேவாரத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, சிலமலையில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஒச்சம்மாள் வீட்டு முற்றத்தில் நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. அவள் உட்கார்ந்து சொத்தைக் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொன்னுமணியைப் பார்த்ததும் எழவில்லை. கொல்லைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிறகுதான், "வா" என்றாள்.

"அத்தை எங்க மதினி?"

"தூங்குது."

"பகல்லயா? பகல்ல படுக்கவே மாட்டாகளே."

"இங்க படுக்குது. நீ எதுக்கு இந்த வெயில்ல வந்த? சொல்லி விட்டிருந்தா நானே ஆளை அனுப்பியிருப்பேன்ல."

"கம்பளி கெடந்துச்சு. அதான் கொண்டாந்தேன்."

"இங்க குடு. நான் போத்தி விடுறேன்." ஒச்சம்மாள் அவசரமாகக் கையை நீட்டினாள்.

பொன்னுமணி பையைக் கொடுக்கப் போனாள். அப்போது கொல்லையிலிருந்து குரல் வந்தது. கரகரத்து, உடைந்துபோன குரல்.

"ஏ புள்ள, கயித்தை அவுத்து விடு. மழை வருது. ஆளுக நனையுதுக."

பொன்னுமணி ஓடினாள். பின்னாலேயே ஒச்சம்மாள், "பொன்னு, நில்லு, அங்க போகாத" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

மாட்டுத் தொழுவத்தில் மாடுகள் இல்லை. கன்றுக்குட்டி கட்டுகிற கல்தூணில் சுந்தரம்மாள் கட்டப்பட்டிருந்தாள். இரண்டு கையையும் பின்னால் சேர்த்துத் தாம்புக்கயிறு. நெற்றியிலும் கன்னத்திலும் திருநீறு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. உச்சியில் ஒரு கைப்பிடி முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். முதுகில் ரவிக்கைக்குக் கீழே வரிவரியாகத் தடிப்பு. சுற்றிலும் வேப்பங்குழை சிதறிக் கிடந்தது. பக்கத்தில் வைத்திருந்த தட்டில் சோறு காய்ந்துபோய், ஈ மொய்த்தது. அவள் உட்கார்ந்திருந்த இடம் நனைந்திருந்தது.

தான் பார்ப்பது தன் அத்தையைத்தானா என்று பொன்னுமணிக்குச் சந்தேகம்கூட ஒரு கணம் வந்துவிட்டது. ஏலக்காய் வியாபாரிகள் எழுந்து நின்று பேசிய பொம்பளை இவள். மலையில் மூட்டை தூக்குகிற ஆண்பிள்ளைகள் இவள் வருவதைப் பார்த்தால் பீடியை மறைப்பார்கள்.

அவள் கிட்டே போனதும் சுந்தரம்மாள் தூணோடு ஒட்டிக்கொண்டாள்.

"அடிக்காத தாயி. நான் ஒண்ணும் செய்யலை."

பொன்னுமணி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நகம்தான் பிய்ந்தது, முடிச்சு இளகவில்லை.

"அவுக்காத பொன்னு." ஒச்சம்மாள் அவள் தோளைப் பிடித்தாள். "இன்னைக்குச் சாயங்காலம் ஒரு பூசைதான் பாக்கி. முனியசாமி கோடாங்கி வந்து இறக்கி விட்டுட்டார்னா ஆத்தா பழையபடி ஆயிரும்."

"கோடாங்கியா?"

"உடுக்கை அடிச்சுக் குறி கேட்டோம். மலையில செத்த எவளோ ஒருத்தி ஆத்தா மேல வந்து உக்காந்திருக்கா. அவதான் ஆத்தாளைப் பேச விடாம மறிச்சுக்கிட்டு, கண்டதையும் பேசுறா. உச்சி முடிய எடுத்துப் புளியமரத்துல ஆணி அடிச்சாச்சு. இன்னைக்கோட விட்டுப் போயிருவா."

"அடிச்சீகளா மதினி?"

"ஆத்தாளை யாரு அடிச்சா? உள்ள இருக்கறவளைத்தான் அடிச்சது."

"அடி விழுந்தது அத்தை முதுகுல."

ஒச்சம்மாளின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"மதுரையில பெரிய டாக்டரு சொன்னாருல்ல மதினி. நீங்களும்தான கூட இருந்தீக. மூளை கொஞ்சங் கொஞ்சமா வத்துது, இதுக்கு மருந்து இல்ல, மனசு நோகாம வச்சுப் பாத்துக்கங்கன்னு எத்தனை தடவை சொன்னாரு."

"மருந்து இல்லன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டரா? அப்ப நாங்க என்னதான் செய்யிறது? பெத்த ஆத்தா என்னையப் பாத்து, நீ எந்த ஊருன்னு கேக்குது பொன்னு. நான் இதை எங்க போய்ச் சொல்லுவேன்?"

பொன்னுமணி தொழுவக் கூரையில் செருகியிருந்த பன்னருவாளை உருவிக் கயிற்றை அறுக்கத் தொடங்கினாள்.

"உங்க தம்பிக்கு மட்டும் இது தெரிஞ்சா என்ன ஆகும்னு நெனச்சுப் பாத்தீகளா?"

ஒச்சம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அந்தக் கயித்தைக் கட்டுனது அவன்தான்."

அருவாள் பாதிக் கயிற்றில் நின்றது.

"அவுக மலையில இருக்காக."

"காலையில மலைக்குப் போறான். சாயங்காலம் ஜீப்பு இங்கதான் வந்து நிக்குது. ஆத்தா திமிறிக்கிட்டு ரோட்டுக்கு ஓடுச்சு. என்னாலயும் கோடாங்கியாலயும் பிடிக்க முடியலை. அவன்தான் தூக்கியாந்து கட்டுனான். உங்கிட்டச் சொல்ல வேணாம்னு சொன்னதும் அவன்தான். நீ விடமாட்டேன்னு அவனுக்குத் தெரியும்."

பொன்னுமணிக்குத் தொழுவம், தூண், மதினியின் முகம் எல்லாமே எங்கோ தூரத்தில் இருப்பதுபோல் இருந்தது. கை மட்டும் தானாகக் கயிற்றை அறுத்தது.

கட்டு விட்டதும் சுந்தரம்மாளின் கைகள் இரண்டும் மரத்துப்போய் மடியில் விழுந்தன. எழுப்பப் பார்த்தால் அவள் வரவில்லை. தூணையே பிடித்துக்கொண்டாள். பொன்னுமணி கம்பளியை எடுத்து அவள் தோளில் போர்த்தினாள். அழுகையை விழுங்கிக்கொண்டு, தினமும் பேசுகிற குரலில் பேசினாள்.

"அத்தே, ஜீப்பு வந்துருச்சு. ஆளுக எல்லாம் ஏறியாச்சு. நீங்க வந்தாத்தான் வண்டி மலைக்குக் கிளம்பும்."

சுந்தரம்மாள் கம்பளியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். முகத்தை நிமிர்த்தினாள்.

"வெரசா வரவேண்டியதுதானே. எந்நேரம் காத்துக் கெடக்குறது?"

எழுந்துவிட்டாள். ஒச்சம்மாள் வழியை மறிக்கவில்லை. வாசல் வரைக்கும் வந்தவள், "நான் கெட்டது நெனச்சு ஒண்ணும் செய்யலை பொன்னு" என்றாள். பொன்னுமணி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பஸ்ஸில் ஆட்கள் விலகி இடம் கொடுத்தார்கள். ஈரச் சேலையின் நாற்றம் எல்லோருக்கும் தெரிந்தது. திருநீறு பூசிய முகத்தையும் வெட்டிய முடியையும் பார்த்துவிட்டு ஒரு பொம்பளை, "கோடாங்கிகிட்டக் கூட்டிப் போனீகளா? கேட்டுச்சா?" என்று இயல்பாக விசாரித்தாள். பொன்னுமணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். போடி வரும்வரை சுந்தரம்மாள் அவள் முந்தானையை விடவே இல்லை.

வாசலில் அவர்களைப் பார்த்த தேவகிருபை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"கர்த்தாவே, யாரு செஞ்சது இது?"

"முதல்ல வெந்நி போடுங்கக்கா" என்றாள் பொன்னுமணி. யார் செய்தது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

குளிப்பாட்டுவது பெரும்பாடாகிவிட்டது. செம்பைத் தூக்கினாலே சுந்தரம்மாள் இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டாள். தேவகிருபை பின்னால் உட்கார்ந்து அவளைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, பொன்னுமணி துணியை நனைத்து நனைத்துத் துடைத்தாள். முதுகில் தேங்காய் எண்ணெய் தடவும்போது கிழவி பல்லைக் கடித்தாள், கத்தவில்லை. சோற்று உருண்டையைக் கையில் வைத்ததும் ஆவலாக வாங்கித் தின்றாள். இன்னொன்று கேட்டாள். அதற்கு மேலும் கேட்டாள்.

"இது உன் வீடா தாயி?"

"ஆமாத்தே."

"நல்ல வீடு. இங்கனயே இருந்துக்கிறேன்."

தேவகிருபை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஜீப்பு வந்து நின்றது. திருப்பதி உள்ளே வந்தான். மலையிலிருந்து வந்தால் சட்டையில் ஏலக்காய் வாசம் அடிக்கும். இன்றும் அடித்தது. ஆனால் அவன் சிலமலைக்குப் போய், அங்கே அறுந்த கயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுந்தரம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பி ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"யாரைக் கேட்டு ஆத்தாளைக் கூட்டியாந்த?" என்றான். குரலில் அதட்டல் இருந்தது, ஆனால் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அது இறங்கிவிட்டது.

பொன்னுமணி கட்டிலருகே போய், கம்பளியை மெல்ல விலக்கி, அத்தையின் மணிக்கட்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் காட்டினாள். கயிறு அறுத்த இடம் கன்றிப்போய்த் தோல் உரிந்திருந்தது.

"பாருங்க."

அவன் வாசலைப் பார்த்தான்.

"கட்டுனப்பப் பாத்துக்கிட்டுத்தான கட்டுனீக. இப்பயும் பாருங்க."

திருப்பதி பார்த்தான். அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பஸ் ஸ்டாண்டுல நான் கையைப் பிடிச்சப்ப, எவன்டா நீ, பொம்பளை கையைப் பிடிக்கிறவன்னு கேட்டுச்சு பொன்னு. ஊரு சிரிச்சது எனக்குப் பெருசில்ல. அந்தப் பார்வை. களவாணியப் பாக்குற மாதிரி பெத்தவ என்னையப் பாத்தா."

"அதுக்கு?"

"ஆத்தா உள்ளதான் இருக்கு, மூணு பூசையில வெளிய கொண்டாந்துருவேன்னு கோடாங்கி சத்தியம் பண்ணினான். அவன் அடிக்கிறப்ப நான் காதைப் பொத்திக்கிட்டு வெளிய நின்னேன். ஒரே ஒரு தடவை எம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாப் போதும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் நெனக்கலை."

"கூப்பிட்டாகளா?"

அவன் தலையை ஆட்டினான். இல்லை.

நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த கோபத்தைப் பொன்னுமணி தேடிப் பார்த்தாள். பேசவேண்டியதெல்லாம் இருந்தது. ஆனால் தரையில் கிடக்கிற இந்த ஆளிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"உங்களைத் தெரியலைன்னா என்ன? உங்களுக்கு அவுகளைத் தெரியும்ல" என்றாள்.

பேச்சுச் சத்தத்தில் சுந்தரம்மாள் கண்விழித்தாள். புரண்டு பார்த்தாள். தரையில் இருந்தவனைக் கண்டதும் கம்பளியை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒடுங்கினாள். மணிக்கட்டை வேகமாக உள்ளே மறைத்தாள்.

திருப்பதி முழங்காலால் நகர்ந்து கட்டிலருகே வந்தான்.

"ஆத்தா."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைத்தான் பார்த்தாள். காலையில் தின்றதைச் சாயங்காலம் மறக்கிறவள், அந்தக் கைகளை மறந்திருக்கவில்லை.

"நீதானே என்னையக் கட்டுனது?"

அவன் தலை குனிந்து, கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டான்.

"நான் தனிச்சுக் கெடக்கேன்னு நெனச்சுக்கிட்டயா?" குரலில் தோட்டத்தில் ஆட்களை விரட்டுகிற பழைய கெத்து வந்திருந்தது. "எம்மவன் மலையில இருக்கான். பொழுது சாய இறங்கிருவான்."

திருப்பதி அண்ணாந்து பார்த்தான்.

"உங்க மகன் பேரு என்ன ஆத்தா?"

"திருப்பதி." தயங்காமல் சொன்னாள். சொல்லும்போது முகமே மாறியது. "எம்மேல ஒரு துரும்பு பட விடமாட்டான். நீ கட்டுனதைச் சொன்னேன்னு வையி, உன் கையை ஒடிச்சுப்புடுவான். அவன் வர்றதுக்குள்ள ஓடிப் போயிரு."

பொன்னுமணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திருப்பதி அழுவான் என்று நினைத்தாள். அவன் அழவில்லை. கட்டிலின் சட்டத்தைப் பிடித்து மெதுவாக எழுந்தான். தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான்.

"சரி ஆத்தா" என்றான், வேற்றாள் ஒருவன் சொல்வதுபோல.

செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனான். பொன்னுமணி பின்னால் ஓடினாள். "எங்க போறீக, சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டது அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை. ஜீப்பு சீறிக்கொண்டு கிளம்பியது. தெருமுனையில் குரங்கணிப் பக்கம் திரும்பும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அது தேவாரம் ரோட்டில் திரும்பியது. சிலமலைக்குப் போகிற ரோடு. கடைசிப் பூசைக்கென்று கோடாங்கி இந்நேரம் அங்கே வந்து உட்கார்ந்திருப்பான்.

அங்கே ஏதாவது விபரீதம் நடக்குமுன் தேவகிருபை வீட்டு ஆம்பளையை அனுப்பலாமா, எதில் போவார், எப்படிப் போய் எட்டிப் பிடிப்பார் என்று பொன்னுமணி வாசலிலேயே தவித்து நின்றாள். உள்ளேயிருந்து அத்தை கூப்பிட்டாள்.

"போயிட்டானா தாயி?"

"போயிட்டாரு அத்தே."

"கதவைச் சாத்தித் தாப்பாளைப் போடு" என்றாள் சுந்தரம்மாள். "திருப்பதி வந்தா மட்டும் தொற."